பூனைகளுக்கு உண்டாகும் தடிமன் நோய்: குணங்குறிகளும் பராமரிப்பும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரரின் வீட்டிலே பூனையானது வெறும் செல்லப் பிராணி மட்டுமன்று. களத்திலிருந்து வீடுவந்த நெல்லையும், அடுத்த போகத்துக்கென ஒதுக்கிய விதைநெல்லையும், உலர்த்திக் கட்டிவைத்த போஞ்சி, பயற்றை விதைகளையும் எலியினின்றும் காக்கும் காவலாளியும் அதுவே. கண்டிப் பகுதியின் பழைய கிராமங்களில் நெல்லைச் சேமித்த ‘வீ பிஸ்ஸ’ எனப்படும் குதிர்கள் நிலத்தைத் தொடாவண்ணம் உயர்த்திக் கட்டப்பட்டன. இன்றோ நெல் பெரும்பாலும் சாக்குகளில் நிரப்பப்பட்டு, வீட்டின் ஓர் அறையிலேயே அடுக்கப்படுகின்றது. நெல் வீட்டுக்குள் வந்தபடியால் எலியும் வீட்டுக்குள் வருகின்றது.

வயல் வரம்பைத் துளைக்கும் பெரிய அகழெலியைப் பூனை அடக்கும் என எதிர்பார்த்தல் கூடாது. ஆனால் வீட்டுச் சுண்டெலிகளையும் எலிக்குஞ்சுகளையும் அது பிடிக்கும். எலியைக் குறைத்தல் நெல்லுக்கு மட்டுமன்றி உடல்நலத்துக்கும் வேண்டியதொன்றாகும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரால் கமக்காரரைப் பீடிக்கும் எலிக்காய்ச்சல் 2008ஆம் ஆண்டில் இலங்கையிற் பெரிதாகப் பரவியபோது, நோய் ஐயத்துக்குரியவரென 7,000க்கும் மேற்பட்டோர் பதிவாயினர். பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்றாகும்.

இத்துணைப் பயனுள்ள பிராணி தும்மத் தொடங்கி, கண்ணும் மூக்கும் ஒழுக மூலையில் முடங்கும்போது, வீட்டார் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ‘பூனைதானே, தானாக மாறிவிடும்’ என விட்டுவிடுவர். அல்லது, தமக்குத் தடிமன் வந்தால் எடுக்கும் மாத்திரையிற் பாதியை அதற்கும் கொடுப்பர். முதலாவது செயலாற் குட்டிகள் பல இறக்கின்றன. இரண்டாவது செயல் வளர்ந்த பூனையையே கொல்லவல்லது. இவ்விரண்டையும் தவிர்த்து, வீட்டிற் செய்யத்தக்க எளிய பராமரிப்பையும், கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டிய தருணத்தையும் கமக்காரர் அறிந்திருத்தல் அவசியம்.

நோயின் காரணம்

பூனைத் தடிமன் குளிராலோ மழையில் நனைவதாலோ உண்டாவதன்று. அது ஒரு தொற்றுநோய். நோயுற்ற பூனைகளுட் பெரும்பாலானவற்றில் இரண்டு வைரசுகளே காரணமாகக் காணப்படுகின்றன. ஒன்று பூனைக் கலிசி வைரசு. இது 1957ஆம் ஆண்டில் நியூசிலாந்திற் பாஸ்டியர் என்பவரால் முதன்முதலிற் பிரித்தறியப்பட்டது. மற்றையது பூனை ஹேர்ப்பிஸ் வைரசு. இதனை 1958ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான கிரான்டெல், மௌரர் ஆகியோர் விவரித்தனர். கிளமிடியா, போர்டெற்றெல்லா முதலிய பற்றீரியாக்களும் தாமாகவோ, வைரசுகளைத் தொடர்ந்து வந்தோ இந்நோயை உண்டாக்கலாம்.

குளிரே காரணமன்று எனின், மழைக்காலத்திலும் மார்கழி, தை மாதப் பனிக்காலத்திலும் நோய் மிகுதியாகத் தோன்றுவது ஏன் என வினவலாம். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பநிலை 20 பாகை சதமத்திற்குக் கீழே இறங்குவதுண்டு. அக்காலத்திற் பூனைகள் வெளியே திரியாது, அடுப்பங்கரையிலும் நெல்லறையிலும் நெருங்கிப் படுக்கின்றன. நெருக்கமே தொற்றுக்கு வழி. அன்றியும், குளிர், பசி, இடமாற்றம், பிரசவம் முதலியவற்றால் உடல் நலியும்போது, உள்ளே அடங்கிக் கிடந்த வைரசு மீண்டும் தலைதூக்குகின்றது.

நோய் பரவும் முறை

நோயுற்ற பூனையின் கண்ணீர், மூக்குச்சளி, எச்சில் ஆகியவற்றில் வைரசு உள்ளது. தும்மும்போது துளிகள் ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம்வரை தெறிக்கும். ஒன்றையொன்று நக்குவதாலும், ஒரே தட்டில் உண்பதாலும், ஒரே சாக்கிற் படுப்பதாலும், நோயுற்ற பூனையைத் தொட்ட கையாலும் நோய் பரவும். ஹேர்ப்பிஸ் வைரசு உடலுக்கு வெளியே ஒரு நாளளவுகூடத் தாக்குப்பிடிப்பதில்லை. கலிசி வைரசோ தட்டிலும் தரையிலும் ஒரு வாரத்துக்கு மேலும் உயிர்த்திருக்கும்.

நோய் நீங்கிய பூனை நலமாகத் தோன்றினும், வைரசைத் தன்னுள்ளே தாங்கியிருத்தல் கூடும். ஹேர்ப்பிஸ் வைரசு தொற்றிய பூனைகளுட் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் அதனைத் தாங்கியிருக்கும். குட்டியீன்ற தாய்ப்பூனை நோய்க்குறி ஏதுமின்றியே குட்டிகளுக்கு நோயைக் கொடுப்பது இவ்வாறேயாம். தாய்ப்பாலாற் பெற்ற காப்பு குறையத் தொடங்கும் ஐந்தாம் வாரமளவிலிருந்து குட்டிகள் வரிசையாகத் தும்மத் தொடங்குவதைப் பல வீடுகளிற் காணலாம்.

இவ்விரு வைரசுகளும் பூனை இனத்துக்கே உரியவை. மனிதருக்கோ, மாட்டுக்கோ, ஆட்டுக்கோ, கோழிக்கோ இவை தொற்றுவதில்லை. மனிதரின் சாதாரண தடிமனும் பூனைக்குத் தொற்றுவதில்லை. எனினும் 2020ஆம் ஆண்டிற் கொவிட்-19 நோயாளரிடமிருந்து அவர்தம் பூனைகளுக்கு நோய் தொற்றியமை பல நாடுகளில் உறுதி செய்யப்பட்டது. ஆதலின், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் உள்ளபோது, அவர் பூனையை அணைத்துப் படுப்பதைத் தவிர்த்தல் நன்று.

நோயின் குணங்குறிகள்

தொற்று ஏற்பட்டு 2 முதல் 10 நாட்களுக்குள் குறிகள் தோன்றும். அவை வருமாறு:

1. அடிக்கடி தும்மல். நாளொன்றுக்கு ஓரிருமுறை தும்முதல் நோயன்று. நெற்றூசியினாலும் அது நிகழும். தொடர்ச்சியாகப் பலமுறை தும்முதலே கவனத்துக்குரியது.

2. இரு நாசிகளிலிருந்தும் நீர் வடிதல். முதலில் தெளிந்த நீராகவும், பின்னர் மஞ்சள் அல்லது பச்சை நிறச் சளியாகவும் அது மாறக்கூடும்.

3. கண் சிவத்தல், கண்ணீர் ஒழுகுதல், கண்ணைச் சுருக்கி வைத்திருத்தல், காலையில் இமைகள் ஒட்டியிருத்தல்.

4. நாக்கிலும் அண்ணத்திலும் புண் உண்டாதல், எச்சில் வடிதல். இது சிறப்பாகக் கலிசி வைரசின் குறியாகும். அவ்வைரசு சில பூனைகளில் ஓரிரு நாட்களுக்கு நொண்டுதலையும் உண்டாக்கும்.

5. காய்ச்சல், சோர்வு, உரோமத்தை நக்கிச் சுத்தஞ் செய்யாமை, உணவில் வெறுப்பு.

நலமுள்ள பூனையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39.2 பாகை சதமம் வரையாகும். அது மனிதரின் உடல் வெப்பத்தினும் கூடியது. ஆகவே, கையால் தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கின்றதென்று காய்ச்சலை முடிவு செய்தல் தவறு. மூக்கு உலர்ந்திருப்பதும் உறுதியான குறியன்று. மூச்சை எண்ணுவதே வீட்டிற் செய்யக்கூடிய சிறந்த சோதனை. பூனை உறங்கும்போதோ அமைதியாகக் கிடக்கும்போதோ அதன் விலாப்புறம் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை உயர்ந்து தாழ்கின்றதென எண்ணுதல் வேண்டும். 20 முதல் 30 வரை இயல்பு. 40க்கு மேற்பட்டால் ஆபத்து.

வளர்ந்த பூனையில் இந்நோய் பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தணியும். சிலவற்றில் மூன்று வாரம்வரை நீளும். குட்டிகளிலும், முதிர்ந்த பூனைகளிலும், முன்னரே மெலிந்தவற்றிலும் அது நுரையீரற் சுரமாக மாறி உயிரைப் போக்கலாம். பராமரியாது விட்ட குட்டிகளின் கண் நிரந்தரமாகக் கெடுவதும் உண்டு.

உண்மையான ஆபத்து எது?

மூக்கொழுகுதல் பார்ப்பதற்கு அருவருப்பாயினும், வளர்ந்த பூனையைக் கொல்வது அதுவன்று, பட்டினியே கொல்கின்றது. பூனை உணவை முதலில் மணத்தால் அறிந்தே உண்ணும். மூக்கு அடைபட்டால் மணம் தெரியாது. மணம் தெரியாத உணவு அதற்கு உணவன்று. வாயிற் புண்ணும் சேர்ந்துவிட்டால், தட்டின் முன்னே அமர்ந்து, முகர்ந்து, எழுந்து போய்விடும். தட்டு நிறைந்தே இருப்பதைக் காணும் வீட்டார், ‘வெளியில் எலி பிடித்துத் தின்றிருக்கும்’ என எண்ணி ஏமாறுவர்.

பூனை இரண்டு மூன்று நாட்கள் முற்றாக உண்ணாதிருப்பின், உடலிலுள்ள கொழுப்பு ஈரலை நோக்கித் திரளும். அவ்வளவு கொழுப்பையும் கையாளும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஈரல் கொழுப்பேறிச் செயலிழக்க, முரசும் கண்வெள்ளையும் மஞ்சளாகும். கொழுத்த பூனைக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். ‘தடித்த பூனை, சில நாள் பட்டினி கிடந்தாலும் தாங்கும்’ என்பது முற்றிலும் தவறான எண்ணம். ஆகவே, தடிமன் பிடித்த பூனையிடம் முதலில் அவதானிக்க வேண்டியது அதன் மூக்கையன்று, அதன் தட்டையேயாம்.

வீட்டிற் செய்யவேண்டிய பராமரிப்பு

இடம்: நோயுற்ற பூனையை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ளதும் குளிர்காற்று நேரே தாக்காததுமான ஓர் அறையில் வைத்தல் வேண்டும். அட்டைப் பெட்டியொன்றில் பழைய துணியை விரித்தாற் போதுமானது. ‘அடுப்பிலே பூனை உறங்குகின்றது’ என்பது வறுமையைக் குறிக்கும் வழக்கு. தடிமன் பிடித்த பூனையோ, நிறைந்த வீட்டிலும் அடுப்பையே நாடும். வெப்பம் அதற்கு வேண்டியதே. விறகுப்புகையும் சாம்பலும் கேடு. எனவே துணியிற் சுற்றிய வெந்நீர்ப் போத்தலொன்றைப் பெட்டியின் ஒரு புறத்தில் வைத்து, மறுபுறத்தை வெறுமையாக விடுதல் வேண்டும். சூடு மிகுந்தால் பூனை விலகிப் படுக்க இடம் இருத்தல் அவசியம். நுளம்புச்சுருளை அவ்வறையில் ஏற்றக்கூடாது. உரமும் பூச்சிகொல்லியும் வைக்கும் அறையை இதற்குப் பயன்படுத்தலாகாது.

மூக்கையும் கண்ணையும் சுத்தஞ் செய்தல்: கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்க. பஞ்சை அதில் நனைத்துப் பிழிந்து, காய்ந்த சளியின்மேல் சிறிது நேரம் ஒற்றி, இளகியபின் துடைத்தெடுத்தல் வேண்டும். கண்ணை உள்மூலையிலிருந்து வெளிப்புறமாகத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் வெவ்வேறு பஞ்சைப் பயன்படுத்துக. நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை, சிறப்பாக உணவு கொடுப்பதற்குச் சற்று முன்னர், இதனைச் செய்தல் நன்று. உப்புநீரைத் தினமும் புதிதாகத் தயாரித்தல் வேண்டும்.

ஆவி: அடைபட்ட மூக்கு இளகுதற்கு ஆவி உதவும். சிறிய அறையொன்றைப் பூட்டி, பூனை எட்டாத இடத்தில் அகன்ற பாத்திரத்தில் வெந்நீரை வைத்து, ஒருவர் உடனிருக்க 10 முதல் 15 நிமிடம்வரை அதனை அவ்வறையில் விடலாம். பூனையைத் துணியால் மூடிப் பாத்திரத்தின்மேற் பிடித்தல் கூடாது. வெந்நீரில் தைலமோ, கற்பூரமோ, யூக்கலிப்டஸ் இலையோ இடலாகாது.

உணவு: சிறிதளவாக, அடிக்கடி, இளஞ்சூட்டுடன் கொடுத்தல் வேண்டும். இளஞ்சூடு மணத்தை எழுப்பும். உப்பும் வெங்காயமும் இன்றி அவித்து முள் நீக்கிய நெத்தலி, சூடை, அல்லது அவித்துப் பிசைந்த கோழியிறைச்சி ஏற்றவை. மீன் அவித்த நீரைச் சோற்றில் நன்கு பிசைந்தால் நீர்ச்சத்தும் உட்செல்லும். கருவாட்டில் உப்பு மிகுதி. அதனை ஊறவைத்துக் கழுவினும் நோயுற்ற பூனைக்குக் கொடாதிருத்தலே நன்று. பசுப்பால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். ஏற்கெனவே நீரிழந்த உடலுக்கு அது கூடாது. அரை மணி நேரத்தில் உண்ணாத உணவை அகற்றிவிட வேண்டும். தட்டை முகத்தின்முன் நெடுநேரம் வைத்திருந்தால் வெறுப்பே வளரும்.

தானாக உண்ணாத பூனைக்கு, விரல் நுனியில் சிறிது உணவை எடுத்து உதட்டில் தடவினால் அது நக்கும். நக்கியபின் உண்ணத் தொடங்குவதும் உண்டு. ஊசி நீக்கிய சிரிஞ்சினால் நீர் கொடுப்பதாயின், கடைவாய்ப்புறமாக ஒரு தடவைக்கு ஒரு மில்லிலீற்றர் அளவில், விழுங்கியபின் மீண்டும் எனக் கொடுத்தல் வேண்டும். தலையை மேலே நிமிர்த்திப் பிடிக்கலாகாது. மூச்சு வாங்கும் பூனைக்கு எதனையும் வாயிற் புகட்டக்கூடாது. அது நுரையீரலிற் புகுந்துவிடும்.

கணக்கு: காய்கறி நிறுக்கும் தராசு கமக்காரர் வீடுகள் பலவற்றில் உண்டு. நோயுற்ற நாளிலும், பின் இரு நாட்களுக்கு ஒருமுறையும் பூனையைப் பெட்டியிலிட்டு நிறுத்து, பெட்டியின் நிறையைக் கழித்து எழுதிவைத்தல் வேண்டும். 4 கிலோகிராம் நிறையுள்ள பூனை 400 கிராம் இழத்தல், 60 கிலோகிராம் நிறையுள்ள மனிதர் 6 கிலோகிராம் இழத்தலுக்குச் சமம். கண்ணுக்குத் தெரியாத நலிவைத் தராசு காட்டிவிடும்.

கொடுக்கலாகாதவை

பனடோல் முதலிய பெயர்களில் விற்கப்படும் பரசிற்றமோல் மாத்திரையை எவ்வளவு சிறிய அளவிலும் பூனைக்குக் கொடுத்தல் கூடாது. மனிதரின் ஈரல் அம்மருந்தை நச்சு நீக்கி வெளியேற்றிவிடும். அதற்குரிய நொதியம் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. எனவே மருந்து நச்சாக மாறி, குருதியின் ஒட்சிசன் ஏந்தும் ஆற்றலைக் கெடுக்கின்றது. முரசு நீலம் அல்லது கபில நிறமாகும்; முகமும் பாதங்களும் வீங்கும்; மூச்சுத் திணறும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொல்லப் போதுமானது. அதிற் பாதியும் ஆபத்தானது. தவறிக் கொடுத்துவிட்டால், குறி தோன்றும்வரை காத்திராது உடனே வைத்தியரிடம் கொண்டுசென்று, கொடுத்த அளவையும் நேரத்தையும் மறையாது கூறுதல் வேண்டும். இதற்கு மாற்று மருந்து உண்டு, காலந்தாழ்த்தினால் பயனில்லை.

அஸ்பிரின், இபுபுரோபன், மனிதருக்கான தடிமன் மருந்துகள், நெஞ்சிற் பூசும் தைலங்கள் ஆகியவையும் விலக்கப்பட வேண்டியவை. பூனை தன் உடலை நக்குவதால், பூசியதெல்லாம் உண்டதாகவே முடியும். வெங்காயமும் பூண்டும் மனிதர் தடிமனுக்கு நல்லவையெனக் கருதப்படினும், பூனையின் குருதிச் செங்கலங்களை அவை சிதைக்கும். ஸ்ரெரொயிட்டுக் கலந்த மனிதர் கண்மருந்து, ஹேர்ப்பிஸ் வைரசால் உண்டான கண்புண்ணைப் பெருக்கிக் கண்ணையே போக்கிவிடும்.

வீட்டில் எஞ்சிய நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளும் வேண்டா. அவை வைரசை அழிப்பதில்லை. பற்றீரியாவும் சேர்ந்துள்ளதென வைத்தியர் கண்டால், ஏற்ற மருந்தை ஏற்ற அளவிற் கொடுப்பார். அவர் டொக்சிசைக்கிளின் மாத்திரை தந்தால், அதனை விழுங்கியவுடன் சில மில்லிலீற்றர் நீரோ சிறிது உணவோ கொடுத்தல் அவசியம். மாத்திரை தொண்டைக்குழாயில் தங்கினால் அவ்விடத்தைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும்.

தடிமனை ஒத்துத் தோன்றும் வேறு நோய்கள்

கமக்காரர் வீட்டுப் பூனைக்கு நகரத்துப் பூனைக்கில்லாத சில ஆபத்துகள் உண்டு. அவை தடிமன் போலவே தோன்றி ஏமாற்றும்.

பூச்சிகொல்லி நஞ்சு: குண்டசாலைப் பக்கத்தில் வயலும் போஞ்சித் தோட்டமும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்க. காலையிற் போஞ்சிக்கு மருந்து தெளிக்கப்பட்டது. நனைந்த கொடிகளினூடே சென்ற பூனை, வீடு திரும்பித் தன் பாதங்களையும் வயிற்றையும் நக்கியது. மதியத்தில் எச்சிலும் கண்ணீரும் ஒழுக, மூச்சு இரைக்கக் கிடந்தது. இதனைத் தடிமன் என எண்ணி ஆவி பிடித்துக்கொண்டிருந்தால் பூனை மாலைக்குள் இறந்துவிடும். ஒர்கனோபொஸ்பேற்று, காபமேற்று வகை மருந்துகளின் நஞ்சு இவ்வாறே தோன்றும். வேறுபாடு யாதெனில், தடிமன் நாட்கணக்கில் வளரும். நஞ்சு மணிக்கணக்கில் வளரும். நஞ்சேறிய பூனையின் கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கும், தசைகள் துடிக்கும், வாந்தியும் வயிற்றோட்டமும் காணும். கையுறை அணிந்து, இளஞ்சூட்டு நீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு உடலைக் கழுவி, துடைத்து, மருந்துப் போத்தலின் பெயர்த்தாளுடன் உடனே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். தெளித்த தோட்டம் உலரும்வரை பூனையைப் பூட்டிவைத்தல் அதனினும் எளிது.

எலிப்பாசாணம்: குருதி உறைதலைத் தடுக்கும் எலிமருந்தை உண்ட எலியைப் பூனை தின்றால், நாசியிலிருந்து குருதி கசியலாம், முரசு வெளிறும், மூச்சு வாங்கும். பூனையும் எலிப்பாசாணமும் ஒரு வீட்டில் ஒன்றாய் இருத்தலாகாது. இரண்டில் ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டும்.

மூக்கிற் சிக்கிய பொருள்: ஒரு நாசியிலிருந்து மட்டும் சளி வடிந்து, பூனை தலையை உதறிக்கொண்டு திடீரெனத் தும்மத் தொடங்கினால், புல்லிதழோ நெற்சுணையோ உள்ளே சிக்கியிருக்கலாம். வீட்டில் அதனை இழுக்க முயலக்கூடாது.

நுரையீரற் புழு: தும்மலும் மூக்கொழுகலும் இன்றி வாரக்கணக்கில் இருமல் மட்டும் இருப்பின், நுரையீரற் புழுவை ஐயுறல் வேண்டும். மரக்கறிப் பாத்தியிலுள்ள நத்தைகளில் இப்புழு வளர்ந்து, நத்தையைத் தின்ற எலி, பல்லி முதலியவற்றின் வழியாகப் பூனையை அடைகின்றது.

விசர்நோய்: எச்சில் ஒழுகுவதோடு, குரல் மாறி, விழுங்க முடியாது, இதுவரை சாதுவாயிருந்த பூனை சீறிப் பாயுமாயின், அல்லது காரணமின்றி ஒடுங்கிக் கிடக்குமாயின், வாயைத் திறந்து பார்க்க எவரும் முயலக்கூடாது. அதனை ஓர் அறையில் அடைத்து, கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். கடியோ கீறலோ பட்டால், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லுதல் உயிர் காக்கும்.

வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டிய தருணம்

பின்வருவனவற்றுள் ஒன்றேனும் காணப்படின் அடுத்த நாள்வரை பொறுத்தல் கூடாது: வளர்ந்த பூனை ஒரு நாள் முழுவதும் ஒன்றும் உண்ணாமை, குட்டி அரை நாள் பாலோ உணவோ குடியாமை, வாயைத் திறந்து மூச்சுவிடுதல், அல்லது நிமிடத்துக்கு 40க்கு மேற்பட்ட மூச்சு, கண் மங்கி வெண்மையாதல், அல்லது திறக்க இயலாமை, முரசு வெளிறுதல், நீலமாதல், மஞ்சளாதல், தோளின் தோலைத் தூக்கிவிட்டால் உடனே படியாது மடிந்து நிற்றல். இவை எவையும் இல்லாதபோதும், நோய் பத்து நாட்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

கண்டிப் பகுதியினர் இவ்வகையில் நல்வாய்ப்புடையர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ, விலங்கு விஞ்ஞான பீடத்தில் போதனா மருத்துவமனை உள்ளது. அங்கே பூனைகளும் நாய்களும் சிகிச்சை பெறுகின்றன. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையில் கெட்டம்பேயிலும், கால்நடை ஆராய்ச்சி நிலையம் கன்னொறுவையிலும் உள்ளன. பிரதேசங்களிலுள்ள அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் உரியனவென எண்ணி ஒதுங்குதல் வேண்டா. பூனையைக் கொண்டுசெல்லும்போது, காற்றுப்புகும் துளையிட்ட பெட்டியிலோ மூடிய கூடையிலோ வைத்துச் செல்க. சாக்கிற் கட்டிச் செல்லுதல், மூச்சு வாங்கும் பூனையை வழியிலேயே கொன்றுவிடும்.

நோய் வராது தடுத்தல்

தடுப்பூசியே முதன்மையானது. ஹேர்ப்பிஸ், கலிசி வைரசுகளுக்கும், குட்டிகளை வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் கொல்லும் பான்லியூக்கோபீனியா நோய்க்கும் எதிரான மருந்து ஒரே ஊசியாக வழங்கப்படுகின்றது. 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறையாக 16 வாரம்வரை இடுவித்து, பின்னர் வைத்தியர் கூறும் காலத்தில் மீண்டும் இடுவித்தல் வேண்டும். இது தடிமன் ஒருபோதும் வராதென உறுதி தருவதன்று. வந்தால் உயிருக்கு ஊறு நேராவண்ணம் தணிப்பதாகும். விசர்நோய்த் தடுப்பூசியையும் தவறாது இடுவித்தல் வேண்டும்.

அயலிலிருந்து கொணர்ந்த புதிய பூனையை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்தபின்னரே வீட்டுப் பூனைகளுடன் சேர்க்கவேண்டும். பல பூனைகள் உள்ள வீட்டில் முதலிற் குட்டிகளுக்கும், பின்னர் நலமுள்ளவற்றுக்கும், இறுதியில் நோயுற்றதற்கும் உணவிட்டுக் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். தட்டுகளையும் தரையையும் முதலிற் கழுவி, வீட்டுக்கு வாங்கும் குளோரின் வெளிற்றும் திரவத்தில் ஒரு பங்குக்கு 32 பங்கு நீர் சேர்த்து, 10 நிமிடம் ஊறவிட்டு, மீண்டும் நன்னீரிற் கழுவி வெயிலில் உலர்த்துக. டெட்டோல், லைசோல் போன்ற மணமுள்ள கிருமிநாசினிகளைப் பூனை படுக்குமிடத்திற் பயன்படுத்தலாகாது. அவற்றுட் பலவற்றிலுள்ள பீனோல் வகைப் பொருள்கள் பூனைக்கு நஞ்சாகும். ஆண், பெண் பூனைகளுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தால், குட்டிகள் பெருகி நெருங்கி நோயைப் பெருக்குதல் குறையும்.

முடிபாகக் கூறுமிடத்து

பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வீடுவந்து சேரும். சிறுபோக நெல் ஆவணி, புரட்டாதியில் வந்து சேரும். அதற்கு ஒரு மாதம் முன்னரேயே பூனைக்குத் தடுப்பூசி இடுவித்து, அதன் நலனை உறுதிசெய்துகொள்ளுதல் விவேகமுள்ள கமக்காரர் செயலாகும். தடிமன் வந்துவிட்டாலும் கலங்கவேண்டுவதில்லை. மூக்கைத் துடைத்தல், உடலை வெப்பமாக வைத்தல், மணமுள்ள உணவை உண்பித்தல் ஆகிய மூன்றுமே அதற்குரிய மருந்து. மனிதர் மாத்திரையை விலக்குக. ஒரு நாள் உணவு செல்லாவிடின் வைத்தியரை நாடுக. இவ்வளவையும் செய்யும் வீட்டிற் பூனை சில நாட்களில் எழுந்து, தன் உரோமத்தை நக்கிச் சுத்தஞ்செய்யத் தொடங்கும். அதுவே நோய் தணிந்தமைக்கு முதல் அறிகுறியாகும்.